பழைய கதிரையைப் புதிதாக்கி விற்பதா, பழையதாகவே விற்பதா?

தளபாடக் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு கேள்வி. பழைய சாய்மனைக் கதிரை ஒன்று உங்கள் கடைக்கு வருகிறது. கால் ஆடுகிறது, பிரம்பு அறுந்து தொங்குகிறது, கைப்பிடி கறுத்துப் போயிருக்கிறது. என்ன செய்வீர்கள்? பெரும்பாலான இடங்களில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மெஷினைப் பிடித்து மரம் வெளுக்கும் வரை சுரண்டுகிறார்கள். ஆடும் காலுக்கு இரண்டு ஆணி அடிக்கிறார்கள். பிரம்பை வெட்டியெறிந்துவிட்டுப் பலகை வைத்து, அதன்மேல் ஸ்பொஞ் மெத்தை தைக்கிறார்கள். கடைசியில் பளபளவென்று வார்னிஷ் அடித்து ‘அன்டிக்’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுகிறார்கள். இது வியாபார ரீதியிலும் நட்டம், மார்க்க ரீதியிலும் நெருடலான காரியம் என்பதே எனது கருத்து.

கதிரை என்ற சொல்லே போர்த்துக்கீசர் விட்டுச் சென்றதுதான். மேசையும் அலமாரியும் அவ்வாறே. கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்ட 1658 முதல் 1796 வரையான காலத்தில் கருங்காலியிலும் முதிரையிலும் கலமந்தரிலும் நமது நாட்டுத் தச்சர்கள் செய்த கதிரைகள் இன்று உலக நூதனசாலைகளில் இருக்கின்றன. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் நமது கடைகளுக்கு நடுவே நிற்கும் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பக்கத்தில் கடை நடத்தும் நம்மில் எத்தனை பேர் அதற்குள் காலடி வைத்திருக்கிறோம் என்பது வேறு கதை. பின்னர் ஆங்கிலேயத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களில், கால் நீட்டி வைப்பதற்கு நீண்ட கைப்பிடி கொண்ட சாய்மனைக் கதிரை பரவியது. அங்கிருந்து அது நமது வீட்டு விறாந்தைகளுக்கும் வந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பாமார் சாய்ந்த கதிரை அதுதான்.

வாப்பா மௌத்தான பின் வீடு பங்கு பிரிக்கப்படும்போது அந்தக் கதிரையை யாரும் கேட்பதில்லை. பழைய சாமான் எடுப்பவர் கேட்ட விலைக்கு அது போய்விடுகிறது. அதன் இடத்துக்கு மரத்தூள் பலகையில் செய்த இருக்கை வருகிறது. நமது நாட்டு ஈரக் காற்றில் அது இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஊதி உரிகிறது. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்து பல பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, வீட்டில் இருப்பதைத் திருத்திப் பாவிப்பதன் அருமை நமக்குக் கொஞ்சம் விளங்கியது. அதை ஒரு தொழிலாக வளர்த்திருக்கலாம். நாம் வளர்க்கவில்லை.

வீட்டில் அன்றாடம் உட்காருவதற்குப் பழைய கதிரை வாங்குபவர் எதற்காகக் காசு கொடுக்கிறார்? அந்த மரத்துக்கும், நூறு வருடக் கை பட்டுப் பட்டு அதில் ஏறிய நிறத்துக்கும்தான். அதைச் சுரண்டியெடுத்துவிட்டால் மிஞ்சுவது புதுக் கதிரை. புதுக் கதிரையை மொறட்டுவையில் அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாமே!

மரவேலை பாஸ் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். பழைய கதிரைகளில் ஒரு மரத்தின் நாக்கை மற்ற மரத்தின் துளைக்குள் இறக்கி, மிருகத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஆகவே ஆடும் மூட்டை உடைக்காமல் கழற்றி, பழைய பசையைத் துடைத்து மறுபடி ஒட்டலாம். ஆணி அடித்தால் மரம் பிளக்கும். அடுத்த முறை ஆடும்போது திருத்துவதற்கு மரமே மிஞ்சாது. பொலிஷும் அப்படித்தான். அன்று பூசியது பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பொலிஷ். கதிரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் அது அரக்கு. அழுக்கை மட்டும் துடைத்து, பழைய பூச்சின் மேலேயே மெல்லியதாக இன்னொரு பூச்சுக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இன்றைய பிளாஸ்டிக் வார்னிஷ் அவ்வாறு சேராது, பழுதானால் முழுவதையும் உரிக்கத்தான் வேண்டும்.

இருக்கைப் பின்னலில்தான் கஞ்சத்தனம் அதிகம். ஆறு வழியாக இழை ஓட்டி, எண்கோணக் கண் விழும்படி கையால் பின்னுவதற்கு நாட்கள் பிடிக்கும். பலகை வைத்தால் அரை மணி நேரம். ஆனால் நமது வெப்பத்தில் முதுகுக்குக் காற்று விடுவது பிரம்புதான். கொழும்பு - கண்டி வீதியில் வேவல்தெனியவைக் கடப்பவர்கள் பிரம்புக் கடைகளைப் பார்த்திருப்பார்கள். சிங்களத்தில் ‘வேவல்’ என்றால் பிரம்பு, ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. பின்னலுக்குக் கொடுக்கும் கூலி அப்படியான கைகளுக்குப் போகும் பணம்.

அதற்காக எதையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நூதனசாலையில் கயிறு கட்டி வைக்கும் கதிரைக்கும், உம்மா உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதும் கதிரைக்கும் வித்தியாசம் உண்டு. உளுத்துப்போன காலை மாற்றத்தான் வேண்டும், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கதிரை தாழ்வாக இருந்து முதியவர்கள் எழும்பக் கஷ்டப்பட்டால், இலவம் பஞ்சு மெத்தை ஒன்றை நாடாவால் கட்டிக் கொடுக்கலாம். பிறகு வேண்டாமென்றால் அவிழ்த்துவிடலாம். ஆணியால் அறைந்த மெத்தையை அப்படி அவிழ்க்க முடியாது. மாற்றுவதை மறுபடி எடுக்கக்கூடியதாக மாற்றுங்கள் என்பதே நான் வேண்டுவது.

இனி மார்க்க விடயத்துக்கு வருகிறேன். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரமாக இருந்ததும், மழையில் நனைந்துவிட்டது என்று சொன்ன வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த ஹதீஸ். வார்னிஷுக்கு அடியில் மறைந்திருக்கும் புட்டியும், மெத்தைக்கு அடியில் ஒளிந்திருக்கும் உடைந்த சட்டமும் அந்த ஈரமான தானியம்தான். புதிதாகச் செய்து கறுப்புச் சாயம் ஏற்றி ‘ஒல்லாந்தர் காலம்’ என்று விற்பது அதைவிட மோசம். அத்தகைய ‘ஒல்லாந்தர்’ கதிரை ஒன்றை ஒரு கடையில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஸ்டார் திருகாணி! 1930களுக்கு முன்னர் அது சந்தையிலேயே இருக்கவில்லை. பழைய மாதிரியில் புதிதாகச் செய்வது குற்றமில்லை, மொறட்டுவைத் தச்சர்கள் அதை அழகாகச் செய்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

‘வாடிக்கையாளர் பளபளப்பைத்தானே கேட்கிறார்’ என்று சில சகோதரர்கள் சொல்வதுண்டு. உண்மை, சிலர் கேட்பார்கள். ஆனால் பளபளப்பைக் கேட்பவருக்குப் புதுக் கதிரையைக் காட்டலாம், கடையில் அதுவும் இருக்கிறதே. பழையதைத் தேடி வருபவர் பில்லில் எழுதித் தந்தால் நம்புவார். ‘முதிரை மரம், பின் இடது கால் புதியது, பிரம்பு புதியது, பொலிஷ் மேல்பூச்சு மாத்திரம்’ என்று நான்கு வரி போதும். அடுத்த முறை அலமாரி திருத்துவதற்கும் அவர் உங்களிடமே வருவார். வெளிநாட்டவர் வாங்கினால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கலாசாரச் சொத்துக்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிக்காமல் கப்பலில் ஏற்றினால் சிக்கல் இருவருக்கும்தான்.

பில்லோடு பராமரிப்புக் குறிப்பையும் கொடுத்தனுப்புங்கள். சூடான தேநீர்க் கோப்பையை அரக்குப் பொலிஷ் மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஆகவே கைப்பிடிக்கு மெழுகு தேய்ப்பது நல்லது. பிரம்பு தொய்ந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. கதிரையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, நிழலில் ஓரிரவு காயவிட்டால் அறுந்து போகாத பின்னல் தானாக இறுகிவிடும்.