பணம் நம்முடையது, ரயில் யாருடையது?

எங்கள் ஊருக்கு ரயில் விடுங்கள் என்று மாநில மந்திரியிடம் மனுக் கொடுத்தால், "அது மத்திய சர்க்கார் சமாச்சாரம்" என்கிறார். மத்திய மந்திரியிடம் போனால், "மாநில சர்க்கார் நிலம் எடுத்துத் தரவில்லையே" என்கிறார். இருவரும் நம்மைப் பந்தாடுகிறார்கள். ஷிப்டுக்குப் போகும் மில் தொழிலாளியும், நடவுக்கும் அறுப்புக்கும் ஊர் விட்டு ஊர் போகும் விவசாயத் தொழிலாளியும் பிளாட்பாரத்தில் காத்துக் கிடக்கிறார்கள். இந்த ஆட்டம் இன்னும் எத்தனை நாளைக்கு?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய சர்க்காருக்குரிய பட்டியலில் 22வது இனம் ரயில்வே. மாநிலத்தின் பட்டியலில் நகராட்சி டிராம் உண்டு, ரயில் இல்லை. சரி. ஆனால் ரயில் பாதைக்கு நிலம் எடுத்துக் கொடுப்பது யார்? மாநிலத்தின் தாசில்தார். ஸ்டேஷனிலும் வண்டியிலும் திருட்டு வழக்குப் பதிவது யார்? மாநிலத்தின் ரயில்வே போலீஸ். லெவல் கிராசிங்கில் மேம்பாலம் கட்டச் செலவில் பங்கு போடுவது யார்? அதுவும் மாநிலம்தான். புதிய பாதை கேட்டால், செலவில் பாதியை நீங்களே போடுங்கள் என்று பல மாநிலங்களிடம் டில்லி கேட்கிறது. ஆக, சுமையில் மாநிலத்திற்குப் பங்கு உண்டு. அதிகாரத்தில் பங்கு இல்லை. நமது கேள்வி இதுதான்.

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறோம். மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 1894ல் ரயில் வந்தது. அந்தப் பாதையைப் போட்டது லண்டன் கம்பெனி அல்ல. தஞ்சை ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ஒரு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் போட்டார்கள். வரி கட்டியது பட்டாதாரர் என்று ஏட்டில் இருக்கும். அந்த வரிப் பணம் சேற்றில் நின்று உழைத்தவனின் வியர்வையிலிருந்து வந்தது என்பதை ஏடு சொல்லாது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு.

அதே தடத்தின் இன்றைய கதை என்ன? அகலப் பாதையாக்குகிறோம் என்று சொல்லி 2012ல் திருவாரூர்–காரைக்குடித் தடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அந்தத் தடம் முழுவதிலும் மீண்டும் வண்டி ஓட 2019 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்த வண்டியாவது ஒழுங்காக ஓடிற்றா? கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. வண்டியிலேயே கேட்மேனை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டின் முன்னும் நிறுத்தி, அவர் இறங்கி அடைத்து, வண்டி தாண்டிய பின் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் கொட்டிப் பாதை போட்டவர்களுக்குக் கேட்மேன் சம்பளம்தான் பாரமாகிவிட்டது! வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா போர்டுக்கு இந்தப் பாதையில் இருந்த உரிமை, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டசபைக்கு இன்று இல்லை. இது வெட்கக்கேடு அல்லவா?

மாநிலங்கள் பங்கு சேர்ந்து ரயில் போட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1990ல் கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் தொடங்கியபோது ரயில்வே மந்திரி இலாகா நூற்றுக்கு 51 பங்கும், மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கோவா 6, கேரளம் 6 பங்கும் எடுத்துக்கொண்டன. மலையைக் குடைந்து, ஆறுகளைத் தாண்டிப் போட்ட அந்தப் பாதை 1998 ஜனவரி 26ல் முழுவதும் திறக்கப்பட்டது. டில்லி–மீரட் விரைவுப் பாதையைக் கட்டும் கார்ப்பரேஷனிலும் மத்திய சர்க்காருக்குப் பாதி. டில்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் நான்கிற்கும் தலைக்கு பன்னிரண்டரைப் பங்கு.

ஆனால் பங்கு இருந்தால் மட்டும் போதுமா? அந்த மீரட் பாதையின் முதல் துண்டு 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. சாகிபாபாதிலிருந்து துஹாய் டிப்போவுக்கு 17 கிலோமீட்டர். சாதாரண டிக்கெட் 50 ரூபாய், உயர் வகுப்பு 100 ரூபாய் என்று வைத்தார்கள். தினம் போய்த் திரும்ப நூறு ரூபாய் கொடுத்தால், கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பங்குதாரர் மேஜையில் மாநிலம் உட்கார்ந்தால், தொழிலாளியின் பையைப் பார்த்துப் பேசுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவையும் பார்ப்போம். அங்கே தனியார் கம்பெனிகள் பிரயாணி வண்டிகளில் லாபம் இல்லை என்று கைவிட, சர்க்காரே 1971ல் ஆம்டிராக் என்ற ஸ்தாபனத்தின் மூலம் ஓட்ட வேண்டி வந்தது. 2008ல் செய்த சட்டப்படி, 750 மைலுக்குக் குறைந்த தடங்களின் செலவை 2013 அக்டோபர் முதல் மாநிலங்கள் ஏற்றன. பணம் கொடுக்கும் மாநிலம் எத்தனை வண்டி, எந்த நேரம் என்று ஒப்பந்தம் பேசுகிறது. இது நமக்கு ஒரு பாடம். இன்னொரு பாடமும் உண்டு. இண்டியானா மாநிலம் பணத்தை நிறுத்தியது. 2019 ஜூனோடு இண்டியானாபோலிஸ்–சிகாகோ வண்டி நின்றுபோயிற்று. மத்திய சர்க்கார் கையைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் மாநிலத்தின் தலையில் கட்டினால் இதுதான் நடக்கும்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2025 மார்ச்சில் தமிழ்நாடு சர்க்கார் தன் பட்ஜெட்டில் மூன்று விரைவு ரயில் தடங்களுக்குச் சாத்தியம் ஆராயப்படும் என்று அறிவித்தது. சென்னை–செங்கல்பட்டு–விழுப்புரம் 167 கிலோமீட்டர். சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் 140 கிலோமீட்டர். கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் என்றார்கள். மாநிலம் ரயிலைப் பற்றி யோசிப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கோவையிலிருந்து சேலம் வரை மில்களும் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் நிறைந்த தடம் அது. அங்கே வண்டி யாருக்காக ஓடும்? ஏ.சி. பெட்டியில் போகும் கம்பெனி அதிகாரிக்கா, நைட் ஷிப்டு முடிந்து தூங்கி விழும் தொழிலாளிக்கா? கட்டணம் என்ன, எங்கெங்கே நிற்கும் என்பதை முதல் மண் வெட்டும் முன்பே சொல்ல வேண்டும்.

நமது தோழர்களில் சிலரே கேட்கிறார்கள்: ரயில்வே மத்திய சர்க்காரின் கடமை, அதற்கு மாநிலம் ஏன் ஒரு காசு தர வேண்டும் என்று. நியாயமான கேள்வி. கடமையிலிருந்து டில்லியை நாம் விடுவிக்கவில்லை. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டை 2017ல் பொது பட்ஜெட்டோடு கலந்து, கேள்வி கேட்கும் வாய்ப்பையே சுருக்கினார்கள். 2020ல் கொரோனாவைச் சாக்கிட்டுப் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய் டிக்கெட்டை 30 ரூபாயாக்கினார்கள். அதைக் குறைக்க 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. இப்படிப்பட்டவர்கள் கையிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாநிலம் ஒதுங்கி நின்றால், நஷ்டம் யாருக்கு? மந்திரிகளுக்கு அல்ல, நமக்கு.

ஆகவே நாம் கேட்பது இவை. மாநிலம் பணமோ நிலமோ கொடுக்கும் ஒவ்வொரு பாதையிலும் வண்டி நேரம், நிறுத்தம், கட்டணம் ஆகியவற்றை முடிவு செய்வதில் அதற்குச் சம உரிமை வேண்டும். ஒப்பந்தத்தைச் சட்டசபையில் வைக்க வேண்டும். ரிசர்வ் செய்யாத பெட்டிகளும் ஷிப்டு நேரத்து வண்டிகளும் அந்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நிலம் எடுப்பதை ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது. ஆனால் நிலச்சொந்தக்காரருக்கு மட்டும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகவும் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லில், பாதிக்கப்படும் பகுதியில் மூன்று ஆண்டு பாடுபட்டுப் பிழைத்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளியையும் 2013ம் ஆண்டு நிலச் சட்டம் சேர்த்திருக்கிறது. அந்தப் பெயர்களைத் தாசில்தார் தானாக எழுதிக்கொள்ள மாட்டார். சங்கம்தான் நின்று எழுத வைக்க வேண்டும். பாதை முடிந்த அன்றே கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நிரந்தர ஆட்கள் போட வேண்டும்.

1894ல் நம் பாட்டன்மார் கொடுத்த பணத்தில் ரயில் வந்தது. எந்த நேரத்துக்கு வண்டி என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று நம்மைக் கேட்காமல் விடக்கூடாது. மில் கேட்டிலும் கிராமச் சாவடியிலும் கூட்டம் போடுங்கள், தோழர்களே! உங்கள் ஊருக்கு எந்த நேரத்துக்கு எந்த வண்டி வேண்டும் என்று தீர்மானம் எழுதி, ஒரு பிரதியை எம்.எல்.ஏ.விடமும் ஒரு பிரதியை எம்.பி.யிடமும் கொடுத்துப் பதில் வாங்குங்கள். ஒருவரை ஒருவர் காட்டித் தப்பித்துக்கொள்ள இருவருக்கும் இனி இடம் கொடுக்கக் கூடாது.