திறப்பு விழாவும் கட்டடத்தின் இயக்கமும்

புதிதாக அமைத்த இரயில் பாதையில் பயணிகள் வண்டி ஓடுமுன், இரயில்வே பாதுகாப்பு ஆணையர் அதனை நேரில் சோதித்து அனுமதி வழங்கவேண்டும் என்பது நம் நாட்டின் சட்டம். தண்டவாளம் போட்டாயிற்று என்பதனால் மட்டும் எவரும் வண்டியை விட்டுவிடுவதில்லை. ஆனால், ஆயிரக்கணக்கான மாணவர் கூடப்போகும் ஒரு கட்டடத்தைத் திறக்கும்போது நாம் கேட்பது என்ன? தீயணைப்புத் துறையின் சான்றும் மின் ஆய்வாளரின் சான்றும் வந்தனவா என்று பார்க்கிறோம். உயிர்க்காப்புக்குரிய இச்சான்றுகள் இன்றியமையாதவை. ஆயினும், வாக்களித்தபடி குறைந்த மின்சாரத்தில் குளிர்ச்சியையும் தூய காற்றையும் அக்கட்டடம் தருகின்றதா என்று கேட்பார் அரியர். ரிப்பனை வெட்டிய அன்றே வேலை முடிந்ததாகக் கருதும் இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பம்பு, காற்றாடி, வால்வு, உணர்கருவி, மின்மானி முதலிய யாவற்றையும் தனித்தனியாகவும் ஒருங்கே சேர்த்தும் இயக்கிப் பார்த்து, திட்டத்தில் எழுதியபடி அவை இயங்குவதை உறுதி செய்து, பேணுவோரிடம் ஒப்படைக்கும் பணியைப் பொறியியலார் ‘கமிஷனிங்’ என்பர். கருவியைப் பொருத்துவது வேறு; அது தன் கடமையைச் செய்கின்றதா என்று காண்பது வேறு.

மைசூரில் ஒரு மாணவர் மன்றம்

மைசூரில் ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர் மன்றத்திற்குப் பசுமைக் கட்டடம் ஒன்றை எழுப்புவதாகக் கொள்வோம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ள நகர் அது. ஏப்ரல் மாதப் பகலில் வெப்பம் மிகுந்தாலும் இரவில் தணிந்துவிடும். ஆகவே, இரவுக் காற்றை உள்ளே விட்டுச் சுவர்களையும் தளங்களையும் குளிரச் செய்தல் போன்ற சிக்கன முறைகளுக்கு அங்கு நல்ல இடமுண்டு. எனினும், அம்முறை பயன்படவேண்டுமாயின் நள்ளிரவில் சாளரங்கள் திறக்கவேண்டும். மழை வந்தால் மூடவேண்டும். அவை அவ்வாறு செய்கின்றனவா என்பதை வரைபடத்தைப் பார்த்து அறிய இயலாது. இரவில் சென்றுதான் பார்க்கவேண்டும்.

மாணவர் மன்றத்தின் பழக்கமும் அலுவலகத்தின் பழக்கம் போன்றதன்று. நண்பகலில் உணவுக்கூடம் நிரம்பி வழியும். மூன்று மணிக்கு வெறிச்சோடும். கலைவிழா நாளில் அரங்கில் மூச்சு முட்டும். விடுமுறையில் ஆள் நடமாட்டமே இராது. இந்த ஏற்றத்தாழ்வுக்கேற்பக் கருவிகள் தம்மைக் குறைத்தும் கூட்டியும் கொள்வதில்தான் சிக்கனம் அடங்கியுள்ளது. காற்றாடியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அதற்கு வேண்டிய மின்திறன் கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால், தானியங்கிக் கட்டுப்பாடு சரிவர இயங்காததால் எவரோ ஒருவர் அதனைக் ‘கைமுறை’ நிலைக்குத் திருப்பிவிட்டாரெனின், காற்றாடி ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் சுழலும். அறை குளிர்ச்சியாகவே இருப்பதால் குறை கூறுவார் இரார். மின்கட்டணம் மட்டும் மௌனமாக ஏறும்.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு உள்ளது. மக்கள் நிறைந்த அரங்கில் அது விரைவில் ஆயிரத்தைத் தாண்டும். அதனை உணர்ந்து காற்றுக் கதவைத் திறக்கவேண்டிய கருவி, புதுக்காற்று வரும் வாயிலருகே பொருத்தப்பட்டிருந்தால், அரங்கம் நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருப்பதாகவே அது கணக்கிடும். இதனைக் காலி அரங்கில் கண்டறிய முடியாது. மாணவரை அமரவைத்து, ஒரு மணி நேரம் அளவெடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் இது பொருந்தும். கழிவை உண்டு தூய்மை செய்யும் நுண்ணுயிர்கள் வளர்ந்து நிலைபெறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை கழிவுநீரும் தொடர்ந்து வரவேண்டும். கோடை விடுமுறையில் நிலையத்தைத் திறந்து வைத்து, ‘சோதனை முடிந்தது’ என்று கையொப்பமிடுவதில் பொருளில்லை.

அளந்ததனால் அறிந்தது

மைசூரின் ஹெப்பாள் பகுதியில் பெரும் பயிற்சி வளாகம் நடத்திவரும் இன்ஃபோசிஸ் நிறுவனம், ஐதராபாத்தில் 2011இல் முடித்த கட்டடமொன்றில் ஒரு பயனுள்ள ஆய்வைச் செய்தது. கட்டடத்தை ஒத்த இரு பாதிகளாக அமைத்து, ஒன்றில் வழக்கமான குளிர்காற்று முறையையும், மற்றதில் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓட்டும் முறையையும் கையாண்டது. வழக்கமான பாதியும் நன்கு திருத்தி அமைக்கப்பட்டதே. எனினும், குளிர்நீர்த் தளம் கொண்ட பாதி குளிரூட்டலுக்கு ஏறத்தாழ 34 விழுக்காடு குறைந்த மின்சாரமே செலவிட்டது. இரண்டின் கட்டுமானச் செலவும் ஏறக்குறையச் சமமே.

இங்கு நாம் கருதவேண்டியது அம்முறையின் சிறப்பை மட்டுமன்று. இரு பாதிகளுக்கும் தனித்தனி மின்மானிகளைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டமையால்தான் அந்த முடிவை எண்ணால் சொல்ல முடிந்தது. மேலும், தளத்தின் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே சென்றால் நீர் முத்துமுத்தாகப் படியும். ஈரப்பதத்தை அளக்கும் கருவிகளைப் பொறுமையுடன் சரிபார்த்திராவிட்டால், அச்சிறந்த முறையே தீராத தொல்லையாகியிருக்கும்.

‘இதற்கெல்லாம் பணமும் காலமும் எங்கே?’ என்பது வழக்கமான மறுப்பு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 643 கட்டடங்களில் நடந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குறைகள் அவற்றில் வெளிப்பட்டன. புதுக்கட்டடங்களில் இதற்கான செலவு, இடைநிலை மதிப்பில், கட்டுமானச் செலவில் 0.4 விழுக்காடே, எரிசக்தியில் மிச்சமானது 13 விழுக்காடு. நம் நாட்டுக் கூலியும் மின்கட்டணமும் வேறாதலால் இவ்வெண்களை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், செலவு சிறிது, குறைகள் பல என்ற உண்மை எங்கும் ஒன்றே.

சட்டமும் இதனை மறந்துவிடவில்லை. 2007இல் மத்திய மின்சார அமைச்சு வெளியிட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, குளிரூட்டு அமைப்புகளின் ஓட்டங்களைச் சமன்செய்தலை வலியுறுத்தியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பும் கமிஷனிங், பேணுதல் ஆகியவற்றைப் பற்றிக் கூறுகின்றது. விதி இருக்கின்றது, அதனை நிறைவேற்ற ஒதுக்கிய நாட்கள்தாம் இல்லை. கட்டட வேலையில் நேரும் தாமதம் அனைத்தும் இறுதிக் கட்டமான சோதனையின் தலைமேல் விழுகின்றது. திறப்பு நாளோ மாறுவதில்லை.

செய்யத் தக்கவை

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கின்றேன். முதலாவது, சோதனைப் பணிக்கெனத் தனித் தொகையையும் நாட்களையும் மதிப்பீட்டிலேயே குறிப்பிடவேண்டும். சோதிப்பவர் ஒப்பந்தக்காரரைச் சாராதவராக இருக்கவேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தின் இறுதித் தவணை, கோடை, பருவமழை, குளிர்காலம் ஆகிய மூன்றிலும் எடுத்த அளவுகளைக் கண்ட பின்னரே வழங்கப்படவேண்டும். மூன்றாவது, கட்டடத்தை நாள்தோறும் நடத்தப்போகும் பம்பு இயக்குநரும் மின்பணியாளரும் சோதனையின்போது உடனிருக்கவேண்டும். கைந்நூல் அவர்கள் படிக்கும் மொழியில் இருக்கவேண்டும்.

களப்பணியாளருக்கு ஒரு வேண்டுகோள். இயக்கிப் பாராத கருவிக்கு நேரே ‘சரி’ என்று குறியிடாதீர். அக்குறி, அதன்பின் இருபது ஆண்டு வீண்செலவுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. 1916இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகமும், 1946இல் தொடங்கிய தேசியப் பொறியியல் நிறுவனமும் உள்ள நகரில் அளவெடுக்கக் கைகளுக்குப் பஞ்சமில்லை. வெப்பமானியும் கரியமிலவாயு மானியும் கொண்டு, தாம் அமரும் கூடத்தை ஓராண்டு அளந்து அட்டவணையிடும் மாணவன், பாடநூல் தராத பௌதிகத்தைக் கற்பான். தன் மன்றத்தின் மின்கட்டணத்திற்குக் கணக்குக் கேட்கவும் அவனே தகுதியுடையவன். அக்கட்டடம் அவன் செலுத்தும் கட்டணத்திலும் மக்கள் வரியிலும் எழுந்ததன்றோ?