ஓடுபாதை என்று எண்ணியது



காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்ட இல்லத்தரசியை நோக்கி, "கண் எங்கே போயிற்று?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். கண் எங்கும் போகவில்லை. சர்க்கரை டப்பா நாள்தோறும் இருக்கும் இடத்தை நாடியே கை சென்றது. அன்று யாரோ டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டனர், அவ்வளவே. தவறு ஒரு குவளைக் காப்பியோடு முடிந்துவிடின் சிரித்துவிட்டுப் போகலாம். நள்ளிரவில், 140 உயிர்களைச் சுமந்துகொண்டு தரையிறங்கும் விமானத்தில் இதே தவறு நேர்ந்தால் என்னவாகும்?

2017-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் இரவு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் அதுதான் நேர்ந்தது. கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வந்த ஏர் கனடா விமானம் தரையிறங்க நெருங்கியபோது உள்ளூர் நேரம் பன்னிரண்டை எட்ட நான்கு நிமிடங்களே இருந்தன. ஆனால் அவ்விமானிகள் புறப்பட்டு வந்த ஊரிலோ அப்போது அதிகாலை மூன்று மணி ஆகப்போகிறது. தலைமை விமானி கண்விழித்திருந்தது 19 மணி நேரத்துக்கும் மேல். துணை விமானி 12 மணி நேரத்துக்கும் மேல்.

அவ்விமான நிலையத்தில் மேற்கு நோக்கி இரண்டு ஓடுபாதைகள் அருகருகே செல்கின்றன. திசைகாட்டியில் ஏறத்தாழ 280 பாகையை நோக்கியிருப்பதால் இரண்டுக்கும் 28 என்றே பெயர். ஒன்று "28 இடது", மற்றது "28 வலது". உலகெங்கும் ஓடுபாதைகளுக்கு இம்முறையிலேயே பெயரிடுகின்றனர். வலது ஓடுபாதைக்கும் வலப்புறத்தில், அதற்கு இணையாக, டாக்ஸிவே எனப்படும் துணைப்பாதை ஒன்று உண்டு. புறப்பட வேண்டிய விமானங்கள் அதன் வழியே மெதுவாக ஊர்ந்து வந்து தம் முறைக்காகக் காத்து நிற்கும்.

அன்றிரவு பராமரிப்பு வேலைக்காக இடது ஓடுபாதை மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. பாதை மூடப்பட்டிருப்பதை அறிவிக்கப் பெருக்கல் குறி வடிவில் ஒரு பெரிய விளக்கு அதன் தலைப்பில் பளிச்சிட்டுக்கொண்டிருந்தது. விமானிகளோ என்றும் போல் இரண்டு ஓடுபாதைகள் தெரியும் என்ற எண்ணத்தோடு வந்தனர். கீழே இருட்டில் இரண்டு ஒளிவரிசைகள் தெரியவும் செய்தன. இடப்புறம் தெரிந்ததை 28 இடது என்றும், வலப்புறம் தெரிந்ததை 28 வலது என்றும் கொண்டனர். உண்மையில் இடப்புறம் தெரிந்ததுதான் 28 வலது. அவர்கள் இறங்கத் துணிந்த வலப்புறப் பாதையோ டாக்ஸிவே. அதன்மேல் பயணிகளையும் எரிபொருளையும் நிரப்பிக்கொண்டு நான்கு விமானங்கள் வரிசையாக நின்றிருந்தன.

அனுபவமுள்ள விமானிகளுக்கு இது தெரியாதா என்று கேட்கத் தோன்றும். ஓடுபாதையின் ஓரவிளக்குகள் வெண்மையாகவும், டாக்ஸிவேயின் நடுவிளக்குகள் பச்சையாகவும் இருக்கும் என்பது விமானப் பயிற்சியின் பாலபாடம். ஆயினும், "இது ஓடுபாதை" என்று மனம் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், கண்ணில் படுவனவற்றையெல்லாம் அம்முடிவுக்கு ஏற்பவே அது பொருத்திக்கொள்கிறது. தம் முடிவுக்கு முரணான அடையாளம் எதிரே இருந்தும் அது அவர்களுக்குப் புலப்படவில்லை. என்றாலும் ஏதோ சரியில்லை என்ற ஐயம் அவர்களுக்கு எழாமலில்லை. ஓடுபாதையில் விளக்குகள் தெரிகின்றனவே, நாங்கள் இறங்கலாமா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டனர். 28 வலது ஓடுபாதையில் உங்களைத் தவிர வேறெவரும் இல்லை, இறங்கலாம் என்று விடை வந்தது. அவ்விடையில் பொய் சிறிதும் இல்லை. கேட்டவர் ஒரு பாதையை மனத்தில் கொண்டு கேட்டார். சொன்னவர் வேறொரு பாதையை மனத்தில் கொண்டு சொன்னார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்கூட இது நாள்தோறும் நடப்பதுதானே!

பேராபத்தை முதலில் உணர்ந்தவர் வரிசையின் முன்னால் நின்ற விமானத்தின் விமானி. இவர் எங்கே போகிறார், டாக்ஸிவேயின் மேல் அல்லவா வருகிறார் என்று அவர் வானொலியில் குரல் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ் விமானத்தினர் தம் முன்விளக்குகளை ஏற்றி எச்சரித்தனர். ஏறக்குறைய அதே நேரத்தில், இது சரியில்லை என்று ஏர் கனடா விமானிகளும் உணர்ந்து விமானத்தை மேலே எழுப்பினர். எழும்புமுன் அது தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம் வரை தாழ்ந்துவிட்டது. கீழே நின்ற பிலிப்பைன்ஸ் விமானத்தின் வாலின் உயரமே ஏறத்தாழ 55 அடி! மேலே ஏறிச்செல்லுமாறு கோபுரத்திலிருந்து கட்டளை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தனர். பின்னர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சரியான ஓடுபாதையில் நலமாய் இறங்கினர்.

ஐந்து விமானங்களிலுமாக அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1977-இல் ஸ்பெயினுக்குரிய டெனெரிஃப் தீவில் இரு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டதே விமான வரலாற்றில் மிகக் கொடிய விபத்து. அதனையும் விஞ்சும் விபத்து ஒன்று சில அடிகளில் தவறியது.

பாதை மாறி இறங்குதல் புதிய சங்கதியன்று. பம்பாயில் சாந்தாகுருஸ் விமான நிலையத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ஜுஹு என்னும் சிறிய விமானத்தளம் இருக்கிறது. 1953-இல் காமெட் ஜெட் விமானம் ஒன்று அதனைச் சாந்தாகுருஸ் என்று எண்ணி இறங்கிவிட்டது. 1972 செப்டம்பரில் ஜப்பானிய விமானம் ஒன்றும் அவ்வாறே இறங்கி, குறுகிய ஓடுபாதையின் எல்லையைத் தாண்டி ஓடிச் சிதைந்தது. எவரும் இறக்கவில்லை. 2018 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவு சென்ற விமானம், கட்டி முடிக்கப்படாத ஓடுபாதையில் இறங்கிற்று. அதிலும் உயிர்ச்சேதம் இல்லை. 1979 அக்டோபர் 31-ஆம் நாள் மெக்சிகோ நகரில் மட்டும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. மூடுபனியில், வேலைக்காக மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் இறங்கிய விமானம் ஒரு லாரியில் மோதியது. விமானத்திலிருந்தோரில் 72 பேரும், தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர்.

சான்பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு, விமானிகள் மீது பழி சுமத்துவதோடு நின்றுவிடவில்லை. இது எனக்குப் பெரிதும் பிடித்தது. இடது ஓடுபாதை மூடப்படும் என்ற அறிவிப்பு விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் எங்கே? 27 பக்கக் காகிதக் கட்டில், எட்டாம் பக்கத்தில், அன்றைய பயணத்துக்குத் தேவையற்ற எத்தனையோ அறிவிப்புகளுக்கு நடுவில். எவரும் பொருட்படுத்தாத வெறுங்குப்பை என்று அத்தகைய அறிவிப்புகளைக் குழுவின் தலைவரே வெளிப்படையாகச் சாடினார். பாதையின் நேர்கோட்டைக் காட்டும் வானொலி வழிகாட்டியை விமானிகள் இணைக்கத் தவறியதும், அவர்களது களைப்பும் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. அவ்வழிகாட்டியைக் கையாலேயே இணைக்க வேண்டிய முறை, அந்நிறுவனத்தின் விமானங்களுக்கு இந்த ஓர் இறங்குமுறையில் மட்டுமே இருந்ததாம். என்றுமில்லாத ஒன்றை நள்ளிரவில் களைத்த மனம் மறந்ததில் வியப்பென்ன? மறந்தவர் மீது பிழையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவரைத் தண்டித்துவிட்டு அந்தக் காகிதக் கட்டை அப்படியே விட்டுவைத்தால், நாளை வேறொருவர் அதே பாதையில் வருவார்.

ஒன்று மட்டும் விசாரணைக் குழுவுக்குக் கிடைக்காமலே போயிற்று. அவ்விமானத்தின் அறையில் நிகழ்ந்த பேச்சைப் பதிவு செய்த கருவி, இறுதி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு முந்தியதை அழித்துவிடும் வகையைச் சேர்ந்தது. நடந்ததன் தீவிரம் உரியவர்களுக்கு எட்டுமுன் அதே விமானம் அடுத்த பயணத்துக்குப் புறப்பட்டுவிட்டது. அந்தச் சில நொடிகளில் இருவரும் ஒருவரோடொருவர் பேசியவற்றின்மேல் புதிய பேச்சு பதிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் போதாது, 25 மணி நேரம் வேண்டும் என்று குழு 2018-இல் பரிந்துரை செய்தது.