இருப்புப் பாதையில் ஓர் அமானத்

 

அறந்தாங்கிப் பக்கத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தபோது என்னைக் காண மதரஸாவுக்கு வந்திருந்தார். அஸர் தொழுகைக்காக ஒளுச் செய்ய ஹவுளின் பக்கம் சென்றவர், தண்ணீரில் கை வைக்காமல், தூணை ஒட்டி இறங்கும் மின்கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் மேலுறை ஒரு சாண் நீளத்திற்குக் கிழிந்திருந்தது.

"இது எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தே எட்டு மாதங்கள். பெருநாள் கழியட்டும், விடுமுறை வரட்டும் என்று நாள் கடத்தியவன் நான்தான். அந்த ஹவுளில் அன்றாடம் அறுபது பிள்ளைகள் ஒளுச் செய்கின்றனர். அவர் மறுபேச்சின்றி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கடைத்தெருவுக்குச் சென்று ஆளை அழைத்து வந்தார். மஃரிபுக்குள் புதிய கம்பி மாற்றப்பட்டது.

தொழுகைக்குப் பின் அவருடைய வேலையைப் பற்றி விசாரித்தேன். ரயில் தண்டவாளங்களைப் பழுது பார்க்கும் பணியில் இருப்பதாகச் சொன்னார். நம் மாவட்டத்தில் சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் அநேகம். அப்பிள்ளைகள் எம்.ஆர்.டி. என்று சொல்லும் மின்சார ரயிலைப் பற்றி நாமும் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

அந்த ரயில் சேவை 1987 நவம்பர் 7ஆம் நாள், இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களுடன் தொடங்கிற்று. முதன்முதலாக ஓடிய ரயில்கள் ஜப்பானில் உருவானவை. கவாசாகி நிறுவனமும் அதனுடன் இணைந்த வேறு சில ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து, ஆறு பெட்டிகள் கொண்ட 66 ரயில்களை, ஆக மொத்தம் 396 பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தன. புதுக்கோட்டை வழியே செல்லும் பாதையில் நாம் காண்பதுபோல் அந்த ரயில்களுக்குத் தலைக்கு மேல் மின்கம்பி இல்லை. தண்டவாளத்தின் ஓரமாக மூன்றாவதாக ஓர் இருப்புத் தண்டு செல்கிறது. அதில் பாயும் 750 வோல்ட் மின்சாரத்தை ரயிலின் அடிப்புறத்திலுள்ள உறுப்பு தொட்டு எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடி, நிலையத்திற்கு நிலையம் நின்று, நொடிகளில் கதவு மூடிப் புறப்படும் வேலையை அந்த ரயில்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தன. அறிவிப்புப் பலகைகளில் நம் தமிழும் இடம்பெற்றிருப்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி.

பயணிகள் காண்பது பகல் நேரத்து ரயிலை மட்டுமே. நள்ளிரவில் கடைசி ரயில் நின்று, விடியலில் முதல் ரயில் புறப்படும் வரை கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் பாதையில் இறங்குவதும், சோதிப்பதும், பழுது நீக்குவதும், கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு வெளியேறுவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். "நாங்கள் செய்த வேலையை யாரும் பார்ப்பதில்லை, ஹஜ்ரத். விடிந்ததும் வண்டி ஓடினால் அதுவே போதும்" என்றார் மாணவர்.

அந்த வேலையில் சிறு குறை நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறினார். 1993 ஆகஸ்ட் 5ஆம் நாள் காலை, பராமரிப்பு வண்டி ஒன்றிலிருந்து சிந்திய எண்ணெய் தண்டவாளத்தில் கிடந்தது. பிரேக் போட்டும் சக்கரம் வழுக்கிச் சென்ற ரயில், கிளமெண்டி நிலையத்தில் நின்றிருந்த மற்றொரு ரயிலின் பின்புறம் மோதிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அப்பாடத்தின் பொருள் எவ்வளவு விரிந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மற்றொன்று அண்மையில் நடந்தது. 2024 செப்டம்பர் 25ஆம் நாள் காலை, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த பழைய ஜப்பானிய ரயில் ஒன்றில், சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி டோவர், கிளமெண்டி நிலையங்களுக்கு இடையே கழன்று விழுந்தது. சக்கரங்கள் தடம் விலகி, ஏறத்தாழ இரண்டரை கிலோ மீட்டர் தூரம் பாதை சிதைந்தது. இறைவன் அருளால் எவருக்கும் காயமில்லை. ஆயினும் அப்பகுதியில் ஆறு நாட்கள் ரயில் ஓடவில்லை. அக்டோபர் முதல் நாள்தான் சேவை மீண்டது.

அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2025இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை நம் சிந்தனைக்குரியது. அச்சுப் பெட்டியினுள் இருந்த மசகு கெட்டுப்போனது காரணமாகியிருக்கக் கூடும் என்று அது கூறிற்று. ஐந்து லட்சம் கிலோ மீட்டர் ஓடியதும் பிரித்துப் பார்த்துச் செப்பனிட வேண்டும் என்பது முந்தைய விதி. பழைய ரயில்கள் விரைவில் விலக்கப்படவிருந்தன; புதியவை வருவதோ கொரோனாவினால் தாமதமாயிற்று. அதனிடையே அந்த எல்லை ஏழரை லட்சம் வரை நீட்டப்பட்டது. கழன்ற ரயில் 6 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேல் ஓடியிருந்தது. அன்று காலை அச்சு அளவுக்கு மீறிச் சூடேறியதைப் பாதையோரக் கருவி காட்டவும் செய்தது. ஆனால் எந்த ரயில் என்ற எண் பதிவாகாததால், அது பிழையான அளவு என்று எண்ணிவிட்டனர். ரயிலை இயக்கிய நிறுவனத்துக்கு 24 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

வாசகர்களே! ஒழுங்குக்குப் பெயர்பெற்ற நாட்டிலேயே இது நேர்ந்ததென்று குறை காண்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் குறையை மறைக்காமல் ஆராய்ந்து, உலகறிய வெளியிட்டார்கள். நானோ கிழிந்த கம்பியை எட்டு மாதங்கள் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்று அங்கே சொன்ன அதே சொல்லைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். பெற்றோர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத். நம்பி ஏறிய பயணியின் உயிர், ரயிலை ஓட்டுபவரிடமும் பழுது பார்ப்பவரிடமும் உள்ள அமானத். அமானத்தைப் பேணுவதற்குத் தவணை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெடித்துப்போன கேஸ் அடுப்புக் குழாய், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிவைத்த தாயாரின் கண் பரிசோதனை ஆகியவற்றையும் நாம் இப்படித்தான் ஒத்திப்போடுகிறோம். சூடேறியதைக் காட்டிய கருவியைப்போல் அவையும் நமக்கு முன்கூட்டியே அறிவிக்கின்றன.

2023 முதல் புதிய ரயில்கள் வந்து சேர, அப்பழைய ஜப்பானிய ரயில்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. என் மாணவரும் விடுமுறை முடிந்து இரவுப் பணிக்குத் திரும்பிவிட்டார். புறப்படும் முன் தொலைபேசியில் அவர் ஹவுளடி விளக்கைப் பற்றித்தான் கேட்டார். நன்றாக எரிகிறது என்றேன்.

நம் பொறுப்பில் உள்ள உயிர்களையும் பொருள்களையும் காலம் தாழ்த்தாது பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.