காளவாயும் தராசும்

சுண்ணாம்புக் காளவாயினின்று வெந்து இறங்கிய கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பவர், அது முன்னினும் கனம் குறைந்திருத்தலை உடனே உணர்வர். நெருப்பில் இட்டமையால் எரிந்து தேய்ந்தது என்று கருதி அமைதல் எளிது. ஆயின் ஆண்டு எரிவது விறகும் கரியுமேயன்றிக் கல் அன்று. அங்ஙனமாயின், குறைந்த எடை எங்குச் சென்றது? வேதியியல் கற்கப் புகும் இளைஞர்முன் முதற்கண் வைக்கத்தக்க வினா இதுவேயாம்.

திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்று நிலைகளை ஒரு பாடத்திலும், வினையில் விளையும் பொருளின் அளவைப் பிறிதொரு பாடத்திலும் வைத்து, இரண்டிற்கும் உறவே இல்லாததுபோலப் பயிற்றுதல் பெருவழக்காயிற்று. இது நன்றன்று. வளிமத்தைக் கணக்கிற் சேர்க்காதவர்க்கு விளைவின் அளவு ஒருநாளும் விளங்காது.

சுட்ட சுண்ணாம்பு தோலைப் பொசுக்குவது நெருப்பின் கூறு அதனுள் புகுந்தமையால் என்று முற்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினர். புகுந்தது உண்மையாயின் எடை ஏறுதல் வேண்டும், இறங்கியதன்றோ! ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக் என்பார் தராசையே துணையாகக் கொண்டு ஆராய்ந்து, கல்லினின்று ஒரு வளி நீங்குவதே எடைக்குறைவிற்குக் காரணம் எனக் கண்டு, 1756ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இன்று கரியமில வாயு என வழங்கப்படுவது அவ்வளியே.

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ முற்றும் வெந்தால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ எஞ்சும். 44 கிலோ வளியாய்ப் போகும். இவ்வெண்களை மனப்பாடம் செய்த மாணவன் ஒருவன் காளவாய்க்குச் சென்று, இறக்கிய சரக்கு 67 கிலோ இருக்கக் கண்டால், நூலினும் மிகுதியாக விளைந்தது என்று மகிழ்வான். உண்மை வேறு. கல்லில் காற்பங்கு வேகவே இல்லை. வேகாத கல் 25 கிலோ; சுண்ணாம்பு 42 கிலோ; இரண்டும் சேர்ந்தே 67 ஆயின. விளைய வேண்டிய 56இல் விளைந்தது 42. அஃதாவது நூற்றுக்கு 75 வீதம். எடை மிகுந்தமையே விளைவு குறைந்தமைக்குச் சான்றாயிற்று. கொத்தனாரோ, நீர் தெளித்த பின்னும் பூத்து உதிராத கட்டிகளைக் கண்டு, இக்கணக்கு அறியாமலே அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுவார். அவர்தம் கண்ணறிவையும் நூலறிவையும் ஒருங்கே மாணவர்க்கு ஊட்டுதல் ஆசிரியர் கடன்.

நீர் தெளித்தலும் எளிய செயலன்று. 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரை ஏற்று 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். அப்போது எழும் வெப்பத்தால் மிகுதியாக விட்ட நீர் கொதித்து ஆவியாகும். துளி தெறித்தால் கண்ணுக்குக் கேடு. இங்கு இருவேறு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்தலை மாணவர் பிரித்தறிதல் வேண்டும். ஆவியானது குளிர்ந்தால் மீண்டும் நீரே. நிலை மட்டும் மாறியது. சுண்ணாம்பிற் கலந்த நீரோ நீராக இல்லை, பொருளே மாறிவிட்டது.

அந்நீற்றிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்கின்றது. 74 கிலோ சுண்ணாம்பு முற்றும் மாறும்போது 44 கிலோ வளியை ஏற்று, 18 கிலோ நீரை வெளிவிட்டு, மீண்டும் 100 கிலோ கல்லாகின்றது. காளவாயில் இழந்த எடை காற்றினின்றே சுவருக்குத் திரும்புகின்றது.