15 நாளில் நிற்கும் காப்பீடு, வருடங்கள் கழித்து வீங்கும் கை

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்துவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள், அம்மாவுக்கு ஒரு கையில் மட்டும் வளையல் கழற்ற வரவில்லை. பிளவுஸும் அந்தப் பக்கம் மட்டும் இறுக்குகிறது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் இந்தக் கை வீக்கத்துக்குப் பெயர் லிம்ஃபெடீமா.

ஏன் வீங்குகிறது?

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுப்பார்கள். ரேடியேஷனும் அந்தப் பாதையைப் பாதிக்கலாம். வடிய வழியில்லாமல் நீர் கையிலேயே தேங்கிவிடுகிறது.

எத்தனை பேருக்கு?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் 'லான்செட் ஆன்காலஜி' வெளியிட்ட கட்டுரையின்படி, சுமார் 5 பேரில் ஒருவருக்கு. முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் இது கிட்டத்தட்ட 20%. முதல் சில முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் 6%-க்கும் குறைவு. இந்தியாவில் பலருக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது என்பதால், மொத்தமாக எடுக்க வேண்டிய நிலைதான் இங்கே அதிகம். 2022-ல் மட்டும் நாட்டில் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக 'குளோபோகான்' மதிப்பிடுகிறது.

ஓட்டை எங்கே?

ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை தருகிறது. ஆனால் அட்மிட் ஆனால்தான். டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் செலவு வரை சேரும், அவ்வளவுதான். லிம்ஃபெடீமாவோ பெரும்பாலும் முதல் 2-3 வருடங்களில் தலைகாட்டுகிறது. அதை முழுசாகக் குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். அதற்கான பிசியோதெரபி, பேண்டேஜ், கம்ப்ரஷன் ஸ்லீவ் எல்லாமே ஓ.பி. கணக்கு. ஸ்லீவை ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தப் பணம் கைக்காசு.

யானைக்கால் நோயால் கால் வீங்கியவர்களுக்கு இங்கே அரசுத் திட்டத்திலேயே பராமரிப்பு கிட் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே 2022-ல் சட்டம் போட்டு, 2024 ஜனவரி முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் ஸ்லீவைச் சேர்த்துவிட்டார்கள். அதாவது, வழி இல்லாமல் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கைகளையும் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சீக்கிரம் பிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. அளக்க ஸ்கேன் வேண்டாம், டெய்லர் கடை இன்ச் டேப் போதும்.