புது ஃபர்னஸ் சரி, புகை எங்கே போகிறது?



போன கிழமை ஸ்காபரோவில் என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புது ஃபர்னஸ் போட்டிருக்கிறார். "சேர், மற்றவன் கேட்டதைவிட எண்ணூறு டொலர் குறைவு" என்று ஒரே பெருமை. இறங்கிப் பார்த்தேன். ஃபர்னஸின் பிளாஸ்டிக் குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது. நல்லது. ஆனால் பக்கத்தில் நிற்கும் பழைய சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும் இன்னும் அந்தப் பழைய புகைபோக்கியிலேயே இருக்கிறது. சத்தம் கேட்கக்கூடாதென்று அறைக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டியும் ஒட்டியிருக்கிறார். கதவுக்கு அப்பால் வாடகைக்கு இரண்டு மாணவிகள். அவர்களுக்கு அடிக்கடி தலையிடியாம். "சோதனைப் பயம், சேர்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பிள்ளைகளே, மெதேன் எரிவதற்குச் சமன்பாடு எழுதிப் புள்ளி வாங்கினீர்கள். ஒரு பங்கு மெதேனுக்கு இரண்டு பங்கு ஒட்சிசன், அதாவது ஏறக்குறைய பத்துப் பங்கு காற்று வேண்டும். காற்றுப் போதாவிட்டால் காபனீரொட்சைட்டுக்குப் பதிலாகக் காபனோரொட்சைட்டு வரும். 'ஈர்' போய் 'ஓர்' வந்தால் அரைப் புள்ளி குறைப்பேன். வீட்டில் அதே பிழைக்கு உயிர் போகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் போய்க் குந்திவிடும்.

"இவ்வளவு வருஷமும் ஒன்றும் நடக்கவில்லையே" என்பீர்கள். இவ்வளவு வருஷமும் அந்தப் புகைபோக்கியைச் சூடாக்கி வைத்திருந்தது பழைய ஃபர்னஸ். சூடான புகைதான் மேலே ஏறும். கனடாவில் 2019 யூலைக்குப் பிறகு செய்யப்படும் வீட்டு ஃபர்னஸ்கள் பொதுவாக 95 வீதத் திறன் உள்ளவையாக இருக்கவேண்டும். அவற்றின் புகை ஆறி, அதிலிருந்து தண்ணீர் வடிகிறது. அதனால்தான் பிளாஸ்டிக் குழாய் போதும், பழைய புகைபோக்கி வேண்டாம். ஃபர்னஸ் விலகியதும் அந்தப் பெரிய புகைபோக்கியில் சின்னத் தாங்கி தனித்துவிடும். அதன் புகை பாதி வழியில் குளிர்ந்து, ஈரமாகி, அமிலமாகிச் சுவரை அரிக்கும். மோசமான நாளில் கீழே திரும்பி அறைக்குள் வரும். துணி உலர்த்தி, சமையலறை விசிறி, குளியலறை விசிறி மூன்றும் ஓடினால், வீடே அந்தப் புகையை உள்ளே உறிஞ்சும்.

வாய்ப்பேச்சு வேண்டாமென்று அன்றைக்கே ஊதுபத்தி கொளுத்தினேன். விசிறிகளைப் போட்டு, கதவைச் சாத்தி, தாங்கி ஐந்து நிமிஷம் எரிந்தபின் அதன் மேல்மூடிக்குக் கிட்டப் பிடித்தேன். ஊதுபத்திப் புகை உள்ளே இழுபட வேண்டும். அது எங்கள் முகத்துக்கு வந்தது. உடனே தாங்கியை நிறுத்தினோம். பிறகு வந்த உரிமம் பெற்ற தொழில்நுட்பர் சிவப்புத் துண்டு மாட்டினார். தலையிடிக்குக் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் இதைக் கேட்டால், எண்ணூறு டொலர் லாபத்தை எந்த முகத்தோடு சொல்வது?

"எங்கட பெடியன்தான் செய்தவன்" என்பது இன்னொரு சாட்டு. எங்கட பெடியன் என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்கலாமே! ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. பதிவும் உரிமமும் வேண்டும். காட்டச் சொல்லுங்கள். கோபிப்பவன் வேலைக்கு உதவான்.

"அலாரம் இருக்குத்தானே?" இருக்கத்தான் வேண்டும், சட்டமும் அதுதான். 2008 டிசெம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு, ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகே அவர்கள் பெயரில் சட்டம் வந்தது. ஆனால் அலாரம் கடைசிக் காவல்காரன். அவன் நிற்கிறான் என்று வாசற்கதவைத் திறந்து வைப்பதில்லையே.

ஆகவே விலை பேசமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, ஃபர்னஸ் போனபின் சுடுதண்ணீர்த் தாங்கியின் புகை எப்படிப் போகும்? புகைபோக்கிக்குள் அளவான உட்குழாய் போடுவீர்களா, அல்லது விசிறி வைத்த தாங்கியாக மாற்றுவீர்களா? இரண்டு, எரிவதற்கான காற்று எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து தனிக் குழாய் போடுவதே மேல். மூன்று, வெளியே குழாய்கள் முடியும் இடம் பனியில் புதையாதா? அதைத் துப்புரவாக்குவது உங்கள் வேலை.

இந்தச் செலவையும் சேர்த்ததுதான் ஃபர்னஸின் விலை. அதை விட்டு மலிவு என்று சொன்னால், மிச்சத்தைக் கீழே படுத்திருக்கிறவர் மூச்சால் கட்டுகிறார்.

இன்றிரவே கீழே இறங்கிப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி குடிக்கமுன் நானும் இறங்கிப் பார்ப்பேன்.

உங்கள் பழைய விஞ்ஞான வாத்தியார்